டெலியா திறந்த ஜன்னல்கள்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் டெலியா முதலில் ஜன்னலைத் திறப்பாள். கோட்டைக் கழற்றுவதும் நலம் விசாரிப்பதும் பிறகுதான். கடற்காற்று உள்ளே பாய்ந்து திரைச்சீலையைத் தூக்கியடிக்கும். கணப்புச் சாம்பல் பறக்கும். "இப்படி மூடி மூடி வச்சு இருமலைத்தானே வளக்குறீங்க?" என்பாள். அண்ணன் ஜார்லத்தின் வீடானால், அவள் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் அவர் முதல் ஜன்னலைச் சாத்தி, கொக்கி மாட்டி, விளிம்பில் தெறித்த தூறலைக் கைக்குட்டையால் ஒற்றியெடுத்திருப்பார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அத்தனை வருடச் சண்டைக்கு வாய் எதற்கு?

ஜார்லத் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். அப்பாவோடு ஆடு பார்த்தார், கணப்பில் எரிக்கச் சதுப்பு நிலத்து மண்ணை எரிகட்டியாக வெட்டினார். அவர் வெட்டி அடுக்கிய கட்டிகள் கொத்தனார் கட்டிய சுவர்போல நேராக நிற்கும். தங்கை மான்செஸ்டருக்குக் கப்பலேறி நர்ஸ் படிப்பு படித்தாள். அங்கே ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டதும், அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஊர் திரும்பியதும், அந்தப் பதில் கடைசிவரை போகாததும் அண்ணனுக்கு மட்டும் தெரியும். சொந்த மாவட்டமான மேயோவில் அவள் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெளியாரிடம் அவர் அவள் பெயரைச் சொன்னதே இல்லை. "நர்ஸு வந்திருக்கா", "நர்ஸு அப்படிச் சொல்லலியே" என்றுதான். யாராவது டெலியா என்று சொன்னால், எந்த டெலியா என்பதுபோல ஒரு கணம் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்க நகரும் வரிசையை அவள் தலை குனிந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு பக்தி என்று புதிதாக வந்த சாமியார் வியந்தார். அவள் பார்த்தது கணுக்கால்களை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் யாரையாவது மடக்கி, "ஷூ நாடாவ ஏன் தளத்திக் கட்டியிருக்க? வீக்கம் எத்தன நாளா?" என்று கேட்பாள். கார் ஓட்டினால் சாலையின் நடுவில்தான் ஓட்டுவாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள், அதையும் ஒளித்துச் செய்யத் தெரியாது. அவளுடைய உயிர்த்தோழி, பக்கத்து வீட்டு வின்னி, அது பற்றிக் கேட்டால் சொல்வாள்: "சீட்ட மாத்துறான்னு எல்லாருக்கும் தெரியும். என் மூணு பிள்ளைகளையும் வெளிய எடுத்த கை அது. அந்தக் கையப் பிடிச்சு எப்படிக் கேக்குறது?"

உயிர் பிரிந்ததும் ஜன்னலைத் திறப்பது அந்த ஊர் வழக்கம். ஆன்மா போக வழி வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துச் சாத்திவிட வேண்டும்; போனவர் திரும்பி வந்து வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. குளிர்காலத்தில் ஜன்னல் விரியத் திறந்திருந்தால் சாலையில் போகிறவர் தொப்பியைக் கழற்றுவார். இது தெரிந்தும் டெலியா ஒரு தை மாதக் குளிரில், மார்ச்சளியோடு கிடந்த டொமினிக் மொரானுக்கு ஊசி போட்டுவிட்டு, ஜன்னலை அகலத் திறந்துவைத்துப் போய்விட்டாள். பிற்பகலுக்குள் வேகவைத்த பன்றிக்கறியும் ரொட்டியும் விஸ்கியுமாக ஊர் வந்து நின்றது. டொமினிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "செத்தது யாரு?" என்றார். கேக் தட்டோடு நின்ற வின்னிதான், "நீதான்" என்றாள். "அப்பச் சரி. அந்தக் கறியில எனக்கும் ஒரு துண்டு வெட்டு" என்றார் அவர். அன்று கறி கொண்டுவந்தவர்களில் பலருடைய சவப்பெட்டியை அவர் பிற்பாடு தோள் கொடுத்துச் சுமந்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகும் அவளுடைய பை கதவருகிலேயே இருந்தது. "ரிட்டையர் ஆனது சம்பளம்தான், நான் இல்ல" என்பாள். கடைசியில் இதயம் களைத்துப்போனதும் ஜார்லத் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து, சாலையைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார். காலையில் திறக்கச் சொல்வாள். அவர் நான்கு விரற்கடை திறப்பார்.

"இது என்ன, பூனை போறதுக்கா?"

"குளிருது உனக்கு."

"எனக்கா, உனக்கா? கிழவா, கோட்ட எடுத்துப் போட்டுக்க."

அவள் கண்ணயர்ந்ததும் சத்தமில்லாமல் சாத்துவார். ஒருநாள் அவள் தூங்கவில்லை.

"நான் போனதும் அத நல்லாத் திறந்துவிடு. நாலு விரல் இடம் எனக்குப் பத்தாது."

அவர் கொக்கியைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

"நேரத்துக்குச் சாத்திடணும். சாத்துறதுக்கு உனக்கா சொல்லித் தரணும்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம், வின்னி கையைப் பிடித்திருக்க, டெலியாவின் மூச்சு நின்றது. வின்னி எழவில்லை, ஜன்னல் அண்ணனுடையது. ஜார்லத் கொக்கியை எடுத்து, இரண்டு கதவுகளையும் சுவரில் முட்டும்வரை தள்ளித் திறந்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

ஊர் வந்தது. கறியும் ரொட்டியும் வந்தன. ஜெபமாலை சொல்லி முடித்ததும் அன்று டொமினிக் வீட்டுக்குக் கறி கொண்டுபோன எதிர்வீட்டுப் பெரியவர் கட்டிலருகில் குனிந்து, "நல்லாப் பாத்தீங்களா? இவ திறந்த ஜன்னல நம்பி நான் ஒரு தடவ ஏமாந்தவன்" என்றார். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ஜார்லத்தும் சிரித்தார். "நர்ஸு திறக்கல. இது நான் திறந்தது" என்றார்.

வெளியே தூறல் விழத் தொடங்கியது. மெழுகுவர்த்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. வந்தவர்கள் கைகளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்கள். வின்னி மெல்ல அவர் பக்கம் சாய்ந்து, "ஜார்லத், நேரமாயிருச்சுப்பா. சாத்திடு" என்றாள்.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். விளிம்பிலிருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் ஒற்றியெடுத்து, கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். கொக்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய கனத்த கோட்டை எடுத்துப் போட்டு, கழுத்துவரை பொத்தான்களை மாட்டி, நாற்காலியைத் திறந்த ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.