வாழைக் குருத்து இலைக் கட்டு

என் மகள் பிறந்தபோதே இடது காலில் தோல் இல்லை. தூக்கிய இடமெல்லாம் கொப்புளம் கண்டது. தோலைப் பிடித்துவைக்கும் பசை இவளுக்குப் பிறவியிலேயே இல்லை, இது மிக அபூர்வம், தீர்க்க மருந்து கிடையாது, புண்ணில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார் டாக்டர்.

துணிக்கட்டைப் பிரித்தால் தோலும் கூடவே வந்தது. ஒரு நர்ஸ்தான் வாழை இலைக் கட்டு கட்டச் சொல்லிக்கொடுத்தார். அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவர் பத்து வாழை நட்டார். குருத்து இலையைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் வாஸ்லின் தடவிக் கட்டுவேன். தினமும் காலையில் இரண்டு மணி நேரம். கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வடிக்கும்போது அவள் அழமாட்டாள், ஒன்று இரண்டு என்று எண்ணுவாள். நூறுக்கு மேல் தெரியாது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

ஆறு வயதில் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். யாரும் தொடக்கூடாது என்று டீச்சர் வகுப்பில் சொல்லிவைத்தார். இரண்டாம் மாதம் ஒருநாள் காலை, அவள் கையில் தானே சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தேன். உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்திருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து மறைத்திருக்கிறாள்.

"யாரு புடிச்சது?"

"பக்கத்துல உக்கார்ற பொண்ணும்மா. வெளையாடலாம் வான்னு கூப்பிட்டா. நான்தான் கை குடுத்தேன்."

"வலிக்கும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்" என்றாள்.

அவளைத் திட்டினேன். அன்று நான் செய்தது அதுதான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்துப் பார்த்தார்கள். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் போய்விட்டாள்.

குளிப்பாட்ட வந்த பெண்கள் எண்ணெயும் சீயக்காயும் எடுத்தார்கள். "தேய்க்காதீங்க, அவளுக்கு வலிக்கும்" என்றேன். ஒருத்தி சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். பிறகு நானே தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றினேன்.

காரியம் முடிந்த பிறகு, வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் அம்மா வந்தார். உங்கள் பிள்ளைமேல் தப்பில்லை, என் மகள்தான் கை கொடுத்தாள், அதனால்தான் இப்படி ஆனது என்று பிள்ளையிடம் சொல்லவே வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனாலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தத் தெருவில் என்னால் இன்னும் நடக்க முடியவில்லை.