முழு விலாசம்

நகரசபையின் நான்காம் வட்ட அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'முழு விலாசம்'. இருபத்தெட்டு வருடக் குமாஸ்தா. நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வந்தவரைக்கூட, "எந்தத் தெரு, எத்தனாவது வீடு, மாடியா கீழேயா, கதவு என்ன கலர்?" என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார். "நாயைப் பாக்க நீங்களே வரப்போறீங்களா சார்?" என்று ஒருவர் சலித்துக்கொண்டபோது, "கடிச்சா யார் வீட்டுக்குப் போறது?" என்றார் சிரிக்காமல். மற்ற வட்டத்துக் குமாஸ்தாக்கள் அவரைக் கேலி செய்வார்கள். தணிக்கை வருகிறது என்றால் மட்டும் அவருடைய பதிவேட்டை வாங்கிப் பார்த்துத் தங்களுடையதைச் சரிசெய்துகொள்வார்கள்.

அப்படிப்பட்டவரின் மேஜைக்குத்தான் 'எல்லோரும் நம்மவர்' அட்டை வந்து சேர்ந்தது.

ஊரில் குடியுரிமைப் பத்திரம் இல்லாமல் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பது தலைநகரத்துச் சட்டம். நகரசபைக்கு அதில் துரும்பளவு அதிகாரமும் கிடையாது. ஆனால் தீர்மானம் போடுவதை யார் தடுக்க முடியும்? மேயரம்மா போட்டார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர், படம், நகரசபைச் சின்னம் என்று பளபளக்கும் ஒரு அட்டை. சபையில் கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்றாம்.

முழு விலாசம் மட்டும் மேயர் அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். இந்த அட்டையைக் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. ஆனால் இதற்குக் கையெழுத்துப் போடுகிறவர், தன்னிடம் பத்திரம் இல்லை என்று தானே எழுதிக் கொடுக்கிறார். அந்தக் காகிதம் நாளை கோர்ட்டுக்குப் போனால் யார் பொறுப்பு? இவ்வளவுதான் கேட்டிருந்தார். மறுநாளே மேயரின் செயலாளர் ஃபோனில் வந்தார்.

"சார், இது ஒரு அடையாளம் சார். மனசு சம்பந்தப்பட்டது. நீங்க எல்லாத்தையும் பழைய கண்ணாடி போட்டே பாக்கறீங்க."

"மனசுக்கு எதுக்குப்பா விண்ணப்பப் படிவம்?"

செயலாளர் ஃபோனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து இவருக்குப் பிற்போக்கு என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது. இவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சட்டம் கொடுமை என்றால் தலைநகரத்துக்குப் போய்ச் சண்டை போட்டு மாற்ற வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் செருப்புத் தேய வேண்டும், அட்டை அடிக்க ஒரு வாரம் போதும் என்று சாப்பாட்டு நேரத்தில் யார் எதிரில் உட்கார்ந்தாலும் சொன்னார். கேட்க ஆளில்லை.

சொந்த வீட்டிலேயே ஆளில்லை. அவருடைய ஒரே மகளின் கணவர் தரைக்கு ஓடு பதிக்கிறவர். ஒன்பது வயதில் தாயோடு லாரிக்குள் ஒளிந்து எல்லையைத் தாண்டி வந்தவர். பத்திரம் இல்லாததால் அவர்கள் கல்யாணத்தைக்கூடப் பதிய முடியவில்லை. "அவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா" என்று மகள் மூன்று மாதம் கேட்டாள். "அது வெறும் அட்டைம்மா, வேண்டாம்" என்று மூன்று மாதமும் மறுத்தார்.

கடைசியில் மாப்பிள்ளையே வந்து வரிசையில் நின்றார். முழங்கால் இரண்டும் சிமெண்டில் வெளுத்திருந்தன.

"மாமா, இருபது வருஷமா இந்த ஊருக்குத் தரை போடறேன். எங்கயும் என் பேரு கிடையாது. ஒரு அட்டையிலயாவது இருக்கட்டுமே."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? பதிவேட்டைத் திறந்தார். பெயரும் படமும் இருந்தால் போதும், விலாசம் விரும்பினால் எழுதலாம் என்பதுதான் விதி. விரும்பினால் என்ற சொல்லே அவர் கைக்குத் தெரியாது. தெருப் பெயர், மூன்றாவது திருப்பம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், கீழ்த்தளம், பச்சைக் கதவு. முத்து முத்தாக எழுதினார். எழுதி முடித்தபோது, ஒரு மனிதரைச் சரியாகப் பதிந்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து, அட்டையை எதிர்த்துத் தலைநகரம் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. நகரசபைக்கு அதிகாரம் இல்லை, அட்டைகள் செல்லாது. அதோடு விட்டதா? பதிவேடுகள் அரசு ஆவணம், பத்து நாளில் குடியுரிமைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் இருந்தது. மேயரம்மா நகரசபை வாசலில் மைக்கைப் பிடித்தார். மேல்முறையீடு செய்கிறோம், ஒரு பக்கம்கூட வெளியே போகாது என்றார். மறுபடியும் கைதட்டல்.

"உடனே வீட்டை மாத்திடுங்க மாப்பிள்ளை" என்றார் இவர்.

"ஒன்பது வயசுல ஓட ஆரம்பிச்சேன் மாமா. இனிமே முடியாது. மேயரம்மாதான் சொல்லிட்டாங்களே."

மேல்முறையீடு ஒரே நாளில் தள்ளுபடியானது. அன்று மதியம் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிடுங்கப்பா."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கேன்மா. மொத்தம் எத்தனைன்னு முதல் பக்கத்துல எழுதிக் கையெழுத்து வேற."

"அதை எதுக்குப் போட்டீங்க?"

எப்போதும் போடுவதுதான். அவள் போன பிறகு அலமாரியைத் திறந்து, அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டத்தோடு விளையாடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். கிழித்தால் ஜெயில், கிழிக்காவிட்டால் மாப்பிள்ளை. பயமா, பழக்கமா, நேர்மையா என்று அவருக்கே விளங்கவில்லை. கை மட்டும் கிழிக்கவில்லை. ஐந்து மணிக்குக் குடியுரிமைத் துறை ஆளிடம் பதிவேட்டைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குத் துறையின் வண்டி நேராகப் பச்சைக் கதவின் முன்னால் வந்து நின்றது. யாரையும் வழி கேட்கவில்லை. மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிக் காலில் ஒரு செருப்பு மாட்டியிருந்தார். இன்னொன்றை மாட்ட விட்டார்கள் என்று மகள் சொன்னாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் அவள் பேசவில்லை.

மற்ற வட்டங்களின் பதிவேடுகளில் 'கொத்தனார், சந்தைப் பக்கம்' என்றும் 'சமையல்காரம்மா, பெரிய தெரு' என்றும்தான் இருந்தது. வந்தவர்கள் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஊர் முழுக்கப் பிடிபட்டு எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டவர்கள் அறுபத்தொரு பேர். அத்தனை பேரும் நான்காம் வட்டம். அந்தச் சோம்பேறிக் குமாஸ்தாக்களை வாழ்நாளெல்லாம் திட்டியவர், அவர்களில் ஒருவனாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அலுவலகக் கழிப்பறைக்குள் நின்று அழுதார்.

அடுத்த மாதம் மேயரம்மா இன்னொரு தீர்மானம் போட்டார். அறுபத்தொரு பேரின் பெயரையும் நகரசபை வாசலில் கல்லில் பொறிப்பது. குடும்பத்தாரின் சம்மதப் படிவம் வட்ட அலுவலகத்துக்கு வந்தது. அறுபதை ஆள் மூலம் அனுப்பிவிட்டு, ஒன்றை அவரே மகள் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மகள் படித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். மற்றதை அவரே நிரப்பட்டும் என்று அவர் பக்கம் தள்ளினாள். மாப்பிள்ளையின் பெயரை எழுதினார். அடுத்த கட்டம் விலாசம். பேனா அந்தரத்தில் நின்றது.

ஒரு மாதமாக அவரிடம் பேசாதிருந்த மகள் வாய் திறந்தாள்.

"முழுசா எழுதுங்கப்பா. இனிமே யாரும் தேடி வரமாட்டாங்க."