அறுபது கிராம் உளுந்து

லோகநாயகிக்கு வேலையே அளப்பதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாகத் தரம் பார்க்கிறாள். நூல் அளவு குறைந்தாலும் பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் திருப்பி எடுக்கமாட்டாள். மேனாம்பேட்டில் எங்கள் பக்கத்து போர்ஷனில் குடியிருந்தாள். பிறந்து வளர்ந்ததும் அங்கேதான்.

அவள் வீட்டுக்காரர் அப்பாவு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் கார்த்திகா, பிளஸ் டூ. இரண்டு சம்பளத்தில் மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும் என்பதால் மளிகைச் செலவில் அவ்வளவு கெடுபிடியாக இருப்பாள். எண்ணெய் ஒரு கடை, பருப்பு ஒரு கடை. மிளகாயும் புளியும் விலை இறங்கும் மாதத்தில் மொத்தமாக வாங்கி வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்துவிடுவாள்.

எங்கள் தெரு முனையில் ஏசி போட்ட பெரிய கடை ஒன்று வந்தது. பருப்பு, சர்க்கரை எல்லாம் அவர்களே பாக்கெட் போட்டு விற்றார்கள். கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவு. தெருவே அங்கே போனது. லோகநாயகியும்தான்.

ஒரு சனிக்கிழமை இட்லிக்கு ஊறவைக்க, புதுப் பாக்கெட் உளுந்தை டம்ளரால் அளந்து டப்பாவில் போட்டாள். ஒரு கிலோவுக்கு வழக்கமாக வருகிற கணக்கு வரவில்லை. கார்த்திகா கேக் செய்ய வாங்கிய சின்ன எடை மெஷினை எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி கவரில் கொட்டி எடை வைத்தாள். தொள்ளாயிரத்து நாற்பது கிராம். பிரிக்காத துவரம் பருப்பு தொள்ளாயிரத்து ஐம்பது. சர்க்கரையும் அப்படித்தான்.

"அறுவது கிராமு. அதுக்கு இன்னா இப்போ?" என்றார் அப்பாவு.

"எட்டு ரூபா குறைச்சல்னு சொல்லி பத்து ரூபா உளுந்தை எடுத்துக்கினான். அதான் இப்போ."

மறுநாள் கடைக்குப் போனாள். மேனேஜர் தினேஷ், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். "உங்க மெஷின்ல கவர்ன்மென்ட் முத்திரை இல்ல மேடம். அதுல போட்ட எடை செல்லாது."

"சரி, உன் மெஷின்ல போடு."

"பேக் பண்ணினதை மறுபடி எடை போட எங்களுக்கு ரூல் கிடையாது மேடம்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். செக்யூரிட்டி வந்து அவளை வெளியே போகச் சொன்னான். என்னையும் சேர்த்து, தெருக்காரர்கள் ஆறேழு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. அதை இன்று எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போய் எடை அளவு அதிகாரிக்கு மனு எழுதி, போட்டோக்களோடு அனுப்பினாள். பிறகு காய்கறி வண்டிக்கார முகமது ஆசிக்கைத் தேடிப் போனாள். அந்தக் கடை வந்த பிறகு பாதி வியாபாரம் போனவன் அவன்.

"உன் தராசுல முத்திரை கீதா?"

"இந்த வருஷத்து முத்திரையே கீதுக்கா. எதுக்கு?"

"ஞாயித்துக்கெழமை வண்டியை அந்தக் கடைக்கு எதிர்ல போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஆசிக் தயங்கினான். வம்பு வருமே என்றான். வந்தால் தன் பேரைச் சொல்லச் சொன்னாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. கடையிலிருந்து பையோடு வந்தவர்களை லோகநாயகி நிறுத்தி, "ஒரு நிமிஷம், எடை பாத்துட்டுப் போங்க" என்றாள். முதலில் இரண்டு பேர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். மூன்றாவதாக நான் போய் என் பையிலிருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். நான்கு பாக்கெட்டில் மூன்று எடை குறைந்தது. "கவரோட சேத்து போட்டும் இவ்ளோதான்" என்று அவள் சத்தமாகச் சொன்னாள். அதன் பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. முப்பத்தோரு பாக்கெட்டில் இருபத்திரண்டு குறைந்திருந்தது. எல்லோரும் திரும்ப உள்ளே போய், காசைத் திருப்பிக் கேட்டு பில்லிங் கவுண்டரில் நின்றார்கள்.

தினேஷ் வெளியே வந்தான். குரலைத் தாழ்த்தி, "மேடம், உங்களுக்கு இந்த மாசச் சாமான் முழுக்க நாங்க ஃப்ரீயா தந்துடறோம்" என்றான்.

"குடு. இங்கியே எடை போட்டு, வாங்க வந்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடறேன்."

அவன் போன் செய்தான். அரை மணியில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். வண்டி ரோட்டை அடைக்கிறது, நகர்த்துங்கள் என்றார். அவளும் ஆசிக்கும் வண்டியை நாலடி தள்ளி ஓரம் கட்டினார்கள். "இப்போ போக்குவரத்துக்கு எடைஞ்சல் இல்லியே சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று மாலை வீட்டு ஓனர் வந்தார். கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருப்பது அவருடைய மச்சான்.

"நமக்குள்ள எதுக்கும்மா இந்த மாதிரி?"

"வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள உங்க கைக்கு வருது. உளுந்து விஷயத்துல நீங்க வராதீங்க சார்."

அப்பாவு அவளைப் பார்த்தார். அவரும் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. "அவ சொல்றது கரெக்ட்டு சார்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்குப் பதினோராம் நாள் எடை அளவு அதிகாரிகள் வந்து கடையைச் சோதித்து அபராதம் போட்டார்கள். கடையின் சொந்தப் பாக்கெட்டுகள் போய், சாக்கிலிருந்து அள்ளி, வாங்குபவர் கண் முன்னால் நிறுத்துத் தரும் ஏற்பாடு வந்தது. அடுத்த மாதமே லோகநாயகி பையோடு உள்ளே நுழைந்தாள். செக்யூரிட்டி எழுந்து நின்றான், தடுக்கவில்லை. தினேஷே உளுந்தை நிறுத்தான். மெஷினில் எண் நிலையாக நிற்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டாள். எண்ணெய் அங்கே விலை அதிகம் என்பதால் எடுக்கவில்லை.

ஆனால் வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளி, சின்ன வீடு. சாமான் ஏற்ற, அட்வான்ஸ் கொடுக்க என்று காலேஜுக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்க வேண்டி வந்தது. பாத்திரங்களை அடுக்க உதவிக்குப் போனபோது, "உனக்குத்தான் நட்டம் லோகா" என்றேன்.

"நட்டந்தான். அதுக்கோசரம் அவன் குடுக்கறதை வாங்கிக்கினு போயிக்கினே இருக்கணுமா?" என்று கேட்டாள். பிறகு என்னிடம் அம்மிக்குழவியைத் தூக்கித் தரச் சொன்னாள்.