தொழிற்பேட்டைக்கு வந்த சிவப்பரிசி

வேலை பார்த்த மில் மூடிவிட்டதால், சாரம் பகுதியைச் சேர்ந்த கலையரசி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டை அருகே தள்ளுவண்டியில் சாப்பாடு விற்கத் தொடங்கினாள். பாகூர் விவசாயி தெய்வசிகாமணியின் மாப்பிள்ளைச் சம்பா அரிசியை வியாபாரிகள் யாரும் சீந்தவில்லை என்று கேள்விப்பட்டு, மூட்டைகளை அவளே வாங்கிக்கொண்டாள்.

சிவப்புச் சோற்றைப் பார்த்ததும் தொழிலாளிகள் முகம் சுளித்தார்கள்.

"என்னாக்கா, ரேஷன் அரிசியா?"

பானைச் சோறு அப்படியே மிஞ்சியது. மனம் கசந்தாலும் அவள் விடவில்லை. மறுநாள் அதே அரிசியை அரைத்துத் தோசை வார்த்து, நெத்திலிக் குழம்போடு பரிமாறினாள். மணத்துக்கே கூட்டம் கூடிவிட்டது.

இந்த ஆண்டு தெய்வசிகாமணியோடு அக்கம்பக்கத்து வயல்காரர்களும் அந்த நெல்லையே நட்டிருக்கிறார்கள்.

"தங்கச்சி, பயிர் ஆளுயரம் வந்துட்டுது! இவ்ளோத்தையும் வித்துடுவியா?" என்று போனில் கேட்டார்.

"ரெண்டாவது வண்டி போட்டுட்டேண்ணே. நீங்க தைரியமா அறுங்க!"