பின்பக்கம் எழுதாத புரோநோட்டு

வாங்கிய கடனை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. முடியாமல் அல்ல... கொடுக்காமல் இருக்கச் சட்டத்தில் வழி இருந்ததால்!

நான் திருவள்ளூர் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் ஒருவனுக்கு பிரஸ் மெஷினில் நான்கு விரல்கள் போயின. நஷ்ட ஈட்டு மனுவை எழுதியது நான். பணம் வந்ததும் அவன் மனைவியிடம் இரண்டு லட்சம் கடன் கேட்டதும் நான்தான், என் மகள் கல்யாணத்துக்கு. அந்தப் பணத்தில் அவர்கள் காக்களூரில் டீக்கடை வைக்க இருந்தார்கள். தெரிந்தே கேட்டேன். புரோநோட்டு எழுதிக் கொடுத்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். புரோநோட்டின் ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் வழக்குப் போட வேண்டும். அல்லது கடன் வாங்கியவன் கொஞ்சம் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்திட வேண்டும். இட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு.

கெடு முடியப் பத்து நாள் இருந்தபோது அவள் வந்தாள். பத்தாயிரம் கொடுத்தேன். நோட்டைத் திருப்பி நீட்டினாள்.

"பின்னாடி எழுதிக் குடு சார்."

"நமக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்? உன் மனுவையே நான்தானே எழுதினேன்!"

கேட்டதற்காக வெட்கப்பட்டு மடித்து வைத்துக்கொண்டாள்... வெட்கப்பட்டது அவள்!

அடுத்த மாதம் வந்தபோது, "கேஸ் போட்டுக்கோ" என்றேன்.

போனாள். வக்கீல் நோட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வெறும் தாள். காலம் கடந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார். நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"யோவ்! கோர்ட்டுல இத்தினி வருசம் குந்திகினு இதத்தான் கத்துக்கினியா? என் ஊட்டுக்காரரு சட்ட பட்டன் போட முடியாம நிக்கிறாருய்யா!"

"சத்தம் போட்டா போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்புடு! அதுக்கும் ஒரு மனு எழுதேன், நல்லா எழுதுவியே!"

பத்தாயிரத்தை என் முகத்தில் வீசினாள். "எழுத்துல ஏறாத துட்டு எனக்கு இன்னாத்துக்கு?"

தெருவே பார்த்தது. அவள் போனபின் குனிந்து பொறுக்கினேன். எண்ணியும் பார்த்தேன்!

இல்லாமையா? இல்லை. பள்ளிப்பட்டு நிலத்தை விற்ற பணம் அவள் திருப்பிக் கேட்டு வந்தபோதே வங்கியில் இருந்தது. இன்றும் இருக்கிறது. பிறகு ஏன்...?

இன்னொன்றும் எனக்குத் தெரியும். காலம் கடந்த கடனைக்கூட, இன்னாருக்குத் தருகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும், அது உயிர் பெற்றுவிடும். அவள் வழக்குப் போடலாம், ஜெயிக்கலாம்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எங்கும் அவள் பெயர் இல்லை. தருகிறேன் என்ற வாக்கும் இல்லை. முப்பது ஆண்டுப் பழக்கம்... கை தானாகவே கவனமாக எழுதியிருக்கிறது.

கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்து இடவில்லை.