காற்றாடி அறைக் கட்டில்

காலணிகளைக் கழற்றி, முனைகள் கதவைப் பார்க்கும்படி ஜோடியாக வைத்துவிட்டுத்தான் மீக்கி ஆன்ட்டி கட்டிலில் ஏறுவாள். யாராவது வந்தால் எழுந்த வேகத்தில் காலை நுழைத்துக்கொண்டு நடந்துவிடலாம். மேல்விரிப்பை விலக்க மாட்டாள். அதன்மேலேயே மல்லாந்து, கணுக்கால்மேல் கணுக்கால் போட்டு, கைகளை ஏப்ரன்மேல் கோத்துக்கொண்டு கண்களை மூடுவாள். பிறகு அறையைக் காதுகொடுத்துக் கேட்பாள்.

மதிய வெயிலுக்கு கிராஃப்-ரெய்னெட் ஊரே கண்களை மூடிக்கொள்ளும். சன்னலின் பலகைக் கதவுகளைச் சாத்திவிட்டால், இடுக்குகளின் வழியே வரும் வெளிச்சம் சுவரில் வரிவரியாக விழுந்து, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல அசையும். தகரக் கூரை சூட்டில் விரிந்து ஒரு சொடக்குப் போடும். வெகு நேரம் கழித்து இன்னொன்று. கொல்லையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்க நிற்கும் காற்றாடி, தூக்கத்தில் யாரையோ கூப்பிடுகிறவனைப்போல, சுற்றுக்கு ஒருமுறை முனகும்.

"நின்னுக்கிட்டுப் பெருக்கறவளுக்கு அறை பிடிபடாது. படுத்துப் பாக்கறவளுக்குத்தான் அது வாயத் திறக்கும்" என்பது ஆன்ட்டியின் கட்சி.

"ஆன்ட்டி, நீங்க கட்டில சோதிக்கறீங்களா, கனவ சோதிக்கறீங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள் தொசாமா.

"ரெண்டும் ஒரே விரிப்புலதான் கெடக்கு. நீ உன் அடுப்பப் பாரு."

அவர்கள் வேலை செய்யும் விடுதி, விக்டோரியா ராணி காலத்தில் ஒரு கம்பளி வியாபாரி தன் மனைவிக்காகக் கட்டிய வீடு. வராந்தாவின் நெற்றியில் தொங்கும் வெள்ளை இரும்புப் பின்னலைப் பார்த்துத்தான் பாதிப் பேர் காரை நிறுத்துகிறார்கள். அறைக் கதவுகளில் பித்தளை எண்கள் உண்டு. வீட்டில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. கொல்லைப் பக்கம் இருப்பது காற்றாடி அறை. அத்திமரத்தை ஒட்டியது புறா அறை. தேவாலயத்தைப் பார்த்தது மணி அறை. பெயர் வைத்தது மீக்கி ஆன்ட்டி. விடுதிக்காரி எல்ஸபே ஃபோனை வைத்ததும் ஆன்ட்டி துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.

"கொரல் எப்படி இருந்துச்சு, மிஸ் எல்ஸபே?"

"கொரலா? ஏதோ ஒரு வக்கீல். அவசரமாப் பேசினார்."

"அப்போ மணி அறை வேண்டாம். மணி அடிக்க அடிக்க எண்ணிக்கிட்டே முழிச்சிருப்பார். புறாகிட்ட அனுப்புங்க."

எல்ஸபே சிறுமியாக இருந்தபோதே ஆன்ட்டி அந்த வீட்டில் வேலைக்கு வந்தவள். அதனால் இதிலெல்லாம் எல்ஸபே வாதிடுவதில்லை. வக்கீல் புறா அறைக்குப் போவார். மறுநாள் காலை, அத்திக்காய்ப் பாகை ரொட்டியில் தடவிக்கொண்டே, இப்படித் தூங்கி நாளாயிற்று என்பார்.

விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம்தான் ஆன்ட்டிக்குப் பிடித்த நேரம். அந்த வீட்டு மெத்தைகள் இன்னும் கம்பளி அடைத்தவை. படுத்தவரின் வடிவத்தை அவை கொஞ்ச நேரம் மறப்பதில்லை. போர்வையை எடுத்ததும் ஆன்ட்டி இடுப்பில் கைவைத்துப் பார்ப்பாள். ஓரத்தில் ஒடுங்கிய குழிவு, பாதியில் எழுந்து உட்கார்ந்திருந்த குழிவு, குறுக்காகக் கைகால் பரப்பிய பிள்ளையின் குழிவு. ஒருநாள் புதுத் தம்பதி படுத்த மெத்தையைக் காட்டித் தொசாமாவிடம் சொன்னாள்: "நல்லா சண்டை போட்டுட்டுத்தான் படுத்திருக்காங்க. நடுவுல பாரு, ஸ்பான்டோ குன்று மாதிரி எழும்பி நிக்குது."

பார்த்தபின் அழிப்பாள். இரண்டு உள்ளங்கைகளையும் குழியில் வைத்து, வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளித் தேய்த்தால் கம்பளி பொங்கி மேலே வரும். "முன்னாடி படுத்தவங்க குழி அடுத்தவங்களுக்கு எதுக்கு? அவங்கவங்க தூக்கம் அவங்கவங்களுக்கு" என்பாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மெத்தைகளைப் புரட்ட வேண்டும். தலைமாட்டில் ஆன்ட்டி, கால்மாட்டில் தொசாமா. "புடிச்சியா?" என்பாள் இவள். "புடிச்சேன்" என்பாள் அவள். "விடு அவன" என்று இவள் சொன்னதும் மெத்தை எழுந்து நின்று, ஒரு கணம் யோசித்து, மறுபக்கம் விழும். புரட்டிய மெத்தையில் முதலில் படுத்துப் பார்ப்பதும் ஆன்ட்டிதான்.

இப்படி ஊரார் குழியையெல்லாம் அழிக்கிறவளின் வீட்டில் ஒரு குழி அப்படியே இருந்தது. அதைத் தொசாமாகூட அறியவில்லை.

ஆன்ட்டியின் வீடு குரூன்வேலில், ஆற்றுக்கு அப்பால். அங்கிருக்கும் இரட்டைக் கட்டிலும் கம்பளி மெத்தையும் முன்பு காற்றாடி அறையில் கிடந்தவை. அவள் கல்யாணத்துக்கு எல்ஸபேயின் அம்மா கொடுத்தது. கணவன் ஃப்ளோரிஸ் ஆட்டு மயிர் கத்தரிப்பவன். வாசற்படியில் குனிந்து வரும் உயரம், அதற்கேற்ற எடை. வீட்டிலும் மாதத்துக்கு ஒருமுறை இருவருமாக மெத்தையைப் புரட்டுவார்கள். பிறகு அவன் நோயில் விழுந்தான். கடைசி மாதங்களில் எழுந்திருக்கவே இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கத்தரிப்பு முடிகிற சமயத்தில் போய்விட்டான். சுவரோரப் பாதியில் அவன் படுத்த குழி, தோள், இடுப்பு, குதிகால் என்று சொல்லிவிடும்படி நின்றுவிட்டது. ஆன்ட்டி அதன்மேல் படுக்கவும் இல்லை, அதைத் தேய்க்கவும் இல்லை. தன் பாதியில் படுத்தால் மெத்தை அந்தப் பக்கம் சரித்து இழுத்தது. சாய்வு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ஆக, கட்டிலைச் சோதிக்கும் அந்த மதிய நேரம்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே தூக்கம். முன்பெல்லாம் ஒரு முட்டை வேகும் நேரத்தில் எழுந்துவிடுவாள். இப்போது காற்றாடி முனகத் தொடங்கியதும் அமிழ்ந்துபோனாள். கோதுமை வயலில் தண்ணீர் பாய்வதுபோலத் தூக்கம் உடம்பெங்கும் பரவும். நாலு மணிக்குத் தேவாலய மணி அடிக்கும்போது எழுந்து, விரிப்பை நீவி, காலணிகளில் கால் நுழைப்பாள். விருந்தாளிகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள்.

ஒருநாள் காலையில் எல்ஸபே கையில் ஃபோனோடு சமையலறைக்கு வந்தாள்.

"இனிமே ரெண்டு மணிக்கே அறை கொடுக்கணும், மீக்கி. எல்லா விடுதியிலயும் அப்படித்தான். நாம நாலுன்னு சொன்னா வேற இடம் பாத்துடறாங்க."

"சரி, மிஸ் எல்ஸபே" என்றாள் ஆன்ட்டி. தேய்த்துக்கொண்டிருந்த கரண்டியையே மறுபடி தேய்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் நடை மாறியது. சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு வந்தது. தலையணை உறை உள்வெளியாக ஏறியது. துணி அலமாரியில் நெற்றியைச் சாய்த்து நின்றவாறே கண்ணயர்ந்தாள்.

"கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்குதே, ஆன்ட்டி. சந்தைக்கா?" என்றாள் தொசாமா.

"உன் வாய அதுல போட்டு எடுத்துட்டுப் போறேன்."

தொசாமா சிரித்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, அவள் முதுகை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை வெயில் ஆளை அடித்தது. மர்ரேஸ்பர்க் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்குக் காற்றாடி அறை. கண் மருத்துவரைப் பார்க்க வருகிறவர். பொழுது சாயத்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். ஆன்ட்டி சன்னலைச் சாத்தினாள். காலணிகளைக் கதவைப் பார்க்க வைத்தாள். சும்மா கேட்டுவிட்டு எழுந்துவிடுவோம் என்றுதான் படுத்தாள். கூரை ஒரு சொடக்குப் போட்டது. அடுத்த சொடக்கை அவள் கேட்கவில்லை.

விழித்தபோது வெளிச்ச வரிகள் எதிர்ச்சுவருக்கு ஏறியிருந்தன. நாற்காலியின்மேல் ஓர் ஆணின் தொப்பி இருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. விரிப்பை நீவினாள். கொல்லை வழியாகச் சமையலறைக்கு வந்து, ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள். அதன்மேல் அலமாரிச் சாவியை வைத்தாள்.

"என்ன ஆன்ட்டி இது?" என்றாள் தொசாமா.

"அவரோட கட்டில்ல படுத்துட்டேன். பாத்துட்டார்."

எல்ஸபே உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று ஆன்ட்டிக்குத் தெரியவில்லை.

"வந்தவர் நேரா வராந்தாவுக்குத் திரும்பி வந்து எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க வாசப் பலகையில நிம்மதியான தூக்கம்னு எழுதியிருக்கே, உள்ள போய்ப் பாத்தேன், நெசந்தான். எழுப்பாதீங்க, எனக்கு ஒரு காபி போதும்'னு சொன்னார்."

தொசாமாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படுத்துப் பாக்கறது எப்பவும் உள்ளதுதான், மிஸ். தூங்கினதுதான் தப்பு."

"நான் அதக் கேக்கல. வீட்டுல தூங்கறீங்களா, இல்லயா?"

ஆன்ட்டி மேசை விளிம்பில் இல்லாத துணுக்குகளைக் கூட்டித் தள்ளினாள்.

"கட்டில்ல எடம் இல்ல."

"ரெட்டைக் கட்டிலாச்சே. அம்மா கொடுத்தது."

"ஒரு பக்கம் அவன் படுத்த மாதிரியே இருக்கு" என்றாள் ஆன்ட்டி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பானையைக் கிண்டிக்கொண்டிருந்த தொசாமாவின் கரண்டி நின்றது. எல்ஸபே சாவியை எடுத்து ஏப்ரனுக்குள் வைத்து, இரண்டையும் ஆன்ட்டியின் பக்கம் நகர்த்தினாள்.

"இத நாளைக்குக் கட்டிக்குங்க. புறா அறை காலியாத்தான் கெடக்கு. இன்னைக்கு இங்க தங்கறீங்க."

"நானா? அப்புறம் அந்த விரிப்ப யார் மாத்தறது?"

"நான் மாத்தறேன். உங்க குழியப் பாத்து ஊருக்கெல்லாம் சொல்றேன்" என்றாள் தொசாமா.

முன்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று எல்ஸபே சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் பித்தளைக் கைப்பிடியைத் துலக்கியவள் அன்றுதான் அதைப் பிடித்துத் திருப்பினாள். வராந்தாவில் பண்ணைக்காரர் எழுந்து தொப்பியை உயர்த்தினார்.

"காற்றாடி அறை எப்படி, அம்மா? எனக்குத் தூக்கம் வருமா?"

"நீங்க மெதுவாப் பேசறவர். வரும்" என்றாள் ஆன்ட்டி. பிறகு, விருந்தாளியிடம் வாயாடிவிட்டோமே என்று வேகமாக உள்ளே போய்விட்டாள்.

புறா அறையிலும் காலணிகளைக் கதவைப் பார்க்கத்தான் வைத்தாள். ஆனால் விரிப்பை விலக்கி, தானே இஸ்திரி போட்ட இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நுழைந்தாள். அவை குளிர்ந்திருந்தன. எப்போது தூங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது.

காலையில் புறாக்கள் எழுப்பின. போர்வையை மடித்துவிட்டுப் பார்த்தாள். மெத்தையில், முயல் படுத்தெழுந்த புல்லைப்போல, சின்னதாக ஒரு குழிவு. தன் குழியை அவள் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைகள் பழக்கத்தில் போய்விட்டன. தள்ளித் தள்ளித் தேய்த்தன. கம்பளி பொங்கியது. குழி இருந்த இடம் தெரியவில்லை. உள்ளங்கைகளைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். தன் குழியை அழித்ததில் எங்கும் வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாப்பிட வரச்சொல்லித் தொசாமாவை அழைத்தாள். தொசாமா பூசணிக்காய்ப் பணியாரத் தட்டோடு குரூன்வேல் வந்தாள். ஆட்டிறைச்சி அடுப்பில் மணத்தது. மேசையில் ஒரு தட்டுகூட இல்லை. ஆன்ட்டி அவளை நேரே படுக்கையறைக்குக் கூட்டிப் போனாள். கட்டிலில் விரிப்பு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

தொசாமா அந்தக் குழியைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைச் சன்னல் திண்டில் வைத்தாள்.

"கால்மாட்டப் புடி" என்றாள் ஆன்ட்டி.

"கனமா இருக்கும்போல, ஆன்ட்டி."

"அவன் எப்பவுமே கனந்தான்."

ஆன்ட்டி தலைமாட்டுக்குப் போய் மெத்தையின் விளிம்புக்கு அடியில் விரல்களை நுழைத்தாள். வெளியே எதிர்வீட்டுப் பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம். தொசாமா அவசரப்படுத்தவில்லை.

"புடிச்சியா?"

"புடிச்சேன்."

வழக்கமாக அடுத்துச் சொல்லும் சொல் ஆன்ட்டியின் வாயில் வர நேரமாயிற்று. வந்தபோது, காற்றாடி முனகுவதுபோல் மெல்ல வந்தது.

"விடு அவன."

மெத்தை எழுந்து நின்றது. ஆட்டு மயிரின் நெய் வாடையும் பழைய புகையிலை வாடையும் அறையில் பரவின. அது ஒரு கணம் யோசித்தது, மறுபக்கம் விழுந்தது. இத்தனை நாள் வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தின் நீலக் கோடுகள் புதுத் துணிபோலப் பளிச்சென்றிருந்தன. தொசாமா விரிப்பை உதறிப் போட்டாள். ஆன்ட்டி நான்கு மூலைகளையும் செருகினாள்.

"படுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தொசாமா போய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டாள். அறை மங்கியது. வெளிச்சம் தண்ணீராகச் சுவரில் ஆடியது.

மீக்கி ஆன்ட்டி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினாள். குனிந்து, அவற்றைக் கதவுப் பக்கம் திருப்பப் போனாள். பாதி திருப்பியவள், இரண்டையும் குதிகாலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.