கடவுள் கை நீட்டக் கூடாது

எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் இரண்டு கடவுள்கள் இருந்தோம். வலிக்கு நான், பசிக்குப் பக்கத்து இருக்கைக்காரி. ஜொகூர் பாருவிலிருந்து காலையில் சிங்கப்பூருக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் மற்றவர்கள்தான் நாங்கள் போட்டி போட்டுப் பிடித்த பக்தர்கள்.

ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். அவளுடைய தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பகடை உருட்டி ஏதோ விளையாடுவானாம். ஆளுக்கொரு சாமியாக மாறிப் பேச வேண்டும். யாருக்கு அதிகப் பக்தர்கள் சேருகிறார்களோ, அவருக்கு வெற்றி. அதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு வந்தவள், எல்லைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்ற ஒரு சாயங்காலம் என்னை இடித்தாள்.

"அக்கா, நம்மளும் விளையாடலாம்க்கா. சும்மா ஜேம்ல ஒக்காந்து என்னா பண்றது?"

"பகடைக்கு எங்க போவ?"

"பகடை எதுக்கு லா? பஸ்ஸு நெறைய ஆளுங்க இருக்காங்களே, அது போதும்."

நோட்டுப் புத்தகம் ஒன்றில் விதிகள் எழுதினோம். முதல் விதியைப் போட்டவர் டிரைவர் அண்ணன். கண்ணாடியில் எங்களை முறைத்து, "நெஜ சாமி பேர மட்டும் இழுக்காதீங்க. நான் தெனம் இந்தப் பாலத்துல ஓட்டுறவன்" என்றார். அடுத்தது, 'வேண்டுமா' என்று கடவுள் போய்க் கேட்கக் கூடாது, பக்தர் தன் வாயால் கேட்க வேண்டும். கொடுக்கும்போது கையை உயர்த்தி, "பக்தரே, தந்தோம்" என்று சிரிக்காமல் சொல்ல வேண்டும். சிரித்துவிட்டால் அந்தப் பக்தர் செல்லாது.

நான்காவது விதி என்னுடையது. ஒரு கடவுள் இன்னொரு கடவுளிடம் எதையாவது கேட்டால், கேட்டவருடைய பக்தர்கள் எல்லாரும் கொடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அதன் கீழே பெரிய எழுத்தில் 'கடவுள் கை நீட்டக் கூடாது' என்றும் எழுதி இரண்டு கோடு போட்டேன். எனக்கு யார் வாசலிலும் போய் நிற்கப் பிடிக்காது. வீட்டில் சீனி தீர்ந்தால் வெறும் கசப்புக் காப்பியைக் குடிப்பேனே தவிர, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டேன். திமிர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் பையில் முறுக்கு, கடலை, பிசாங் கோரெங் என்ற வாழைப்பழ பஜ்ஜி. என் பையில் தைலம், பிளாஸ்டர், ஊக்கு. அவளுக்குத் தைல வாடையே ஆகாது. நான் மூடியைத் திறந்தால் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "ஐயோ, கப்பு! இந்தச் சாமிகிட்ட எவ வருவா?" என்பாள். வந்தார்களே! எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர்களுக்குப் பசியைவிட வலிதான் பெரிது. பின் இருக்கை மலாய் அக்கா, "மிஞாக் அடா?" என்று கை நீட்டுவார். நான் தைலத்தைக் கொடுத்து, கையை உயர்த்தித் தமிழிலேயே ஆசி சொல்வேன். பஸ்ஸே சிரிக்கும், நான் சிரிக்கமாட்டேன். ஒரு கட்டத்தில் எனக்கு முப்பத்தொரு பேர், அவளுக்கு ஏழு. என்ன ஆட்டம் ஆடினேன் அப்போது!

அந்த நாள்களில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு இருந்தது. என் கணவர் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டவர்களிடம் வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம், பஸ் பாலத்தின் நடுவில் நின்றிருந்தபோது, பக்கத்து வீட்டு மூதாட்டி போனில் அழைத்தார். பத்து வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி, வாந்தி எடுத்து, எழுந்து நிற்கவே முடியவில்லையாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் கடல். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பக்கத்து இருக்கைக்காரியின் தம்பி இருந்தான். ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால், வீட்டில் அவர் இல்லையா என்ற கேள்வி வரும். பிள்ளை அங்கே துவண்டு கிடக்கிறாள், நான் இங்கே கௌரவம் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

"ஒன் தம்பிய கொஞ்சம் எங்க வீட்டுக்குப் போகச் சொல்றியா?" என்றேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்தாள். "டேய், காடிய எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்கு ஓடு" என்றாள். நான் பாலத்தைத் தாண்டுவதற்குள் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டெங்கி. நல்லவேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து மகள் தேறியதும் வேலைக்குத் திரும்பினேன். குனிந்த தலையோடு பஸ்ஸில் ஏறினேன். 'பாவம்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாலும் இறங்கிவிடலாம் என்றிருந்தேன். அவளோ நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். என் பக்தர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்து, தன் பக்கத்தில் எழுதினாள். முப்பத்தொரு பேர்! ஒருவரையாவது விட்டுவைத்தாளா!

"என்னாக்கா பாக்குறீங்க? ரூலு ரூலுதான். நீங்க எழுதுனதுதானே?"

"ராட்சசி" என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் கணவரைப் பற்றி அவள் அப்புறமும் கேட்கவில்லை. நானாகத்தான் ஒருநாள் சொன்னேன்.

போன வருடம் அவள் குடும்பத்தோடு தூரத்தில் இருக்கும் பொந்தியானுக்கு மாறிப் போனாள். அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. அவளுடைய கடைசிப் பயணத்தன்றும் பாலத்தில் ஜேம்தான். நான் இழந்ததில் நாலைந்து பேரைத்தான் திரும்பப் பிடித்திருந்தேன். மற்ற எல்லாரும் அவள் பக்கம். ஜெயித்தவளாகவே போகட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா, தல வலிக்குது. தைலம் இருக்கா?"

பழக்கத்தில் பையைத் துழாவி எடுத்துவிட்டேன். மூடியைத் திறந்த பிறகுதான் கேட்டது யார் என்று உறைத்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. மடியில் நோட்டைத் திறந்து, பேனாவோடு காத்திருந்தாள்.

"கேட்டுட்டேன்க்கா. ரூலு ரூலுதான். எல்லாரும் ஒங்களுக்கு. நானும்தான்."

கையை உயர்த்தினேன். "பக்தையே, தந்தோம்" என்று சொல்ல வேண்டும். சிரித்தால் செல்லாது என்றுதான் எழுதியிருந்தோம். அழுதால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தைலத்தை வாங்கி நெற்றியில் தேய்த்துக்கொண்டாள்.